பிணத்திற்கு உடையவர் யார்? – ஆங்கிலச் சொற்கள் சிலவற்றை முன்வைத்து

 

பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் பிணங்களைப் பற்றியா பேசுவது என்று சிலர் முகம் சுளிக்கலாம். மங்கலமான பொருள்கள் எத்தனையோ இருக்க, இப்பொருள் எதற்கு? ஆங்கிலக் கவிதையைத் தமிழில் பெயர்க்கப் புகுந்தவர் எவரும் என்றேனும் ஒருநாள் இச்சொற்களின் முன் தயங்கி நின்றிருப்பர். மூலத்தில் ஓரிடத்தில் 'கார்க்கஸ்' என்று வரும். ஓரிடத்தில் 'கார்ப்ஸ்' என்று வரும். 'கேரியன்' என்றும் 'கடாவர்' என்றும் வரும். கைக்கு உடனே அகப்படுவது 'பிணம்'. ஓசைக்காகச் சில இடங்களில் 'சவம்', கண்ணியத்துக்காகச் சில இடங்களில் 'சடலம்'. எழுதி முடித்தவர்க்கு நிறைவு தோன்றும். ஆனால் மூலக் கவிஞர் அந்நான்கினுள் ஒன்றைத் தேர்ந்து மற்ற மூன்றையும் தள்ளிய காரணம் அங்கே காணாமற் போயிருக்கும்.

பள்ளி அகராதி தரும் வேறுபாடு எளிமையானது. மாடு செத்தால் கார்க்கஸ். மனிதர் இறந்தால் கார்ப்ஸ். அழுகிக் கழுகுக்கு இரையாவது கேரியன். மருத்துவக் கல்லூரி மேசையில் கிடத்தப்படுவது கடாவர். இது பொய்யன்று, ஆனால் மேலோட்டமானது. இச்சொற்கள் பிறந்து வளர்ந்த வரலாற்றையும், இவை ஏறி இறங்கிய நீதிமன்றங்களையும் நோக்கினால் வேறொன்று புலப்படும். இறந்த உடலுக்குப் பெயரிடும்போது ஆங்கிலம் பெரும்பாலும் அவ்வுடல் எவருடைய உடைமை என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. உடைந்த கப்பலுக்குப் பெயரிடும்போதும் அப்படியே. இவ்விரு சொற்குடும்பங்களும் ஓரிடத்தில் வந்து கலந்தபோது என்ன நேர்ந்தது என்பதே இவ்வுரையின் முடிவில் வரவேண்டிய செய்தி. அதற்கு முன் சற்றுத் தொலைவு நடக்க வேண்டும்.

கி.பி. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைக்கொள்வதற்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் உடலுக்கு 'லீக்' என்றொரு சொல் இருந்தது. உயிருள்ள உடலுக்கும் உயிர் நீத்த உடலுக்கும் அது பொது. இன்று அச்சொல் தனித்து வழங்குவதில்லை. ஆயினும் இங்கிலாந்தின் சிற்றூர்களில், தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தின் நுழைவில், கூரை வேய்ந்த ஒரு வாயிலை இன்றும் காணலாம். 'லிச்கேட்' என்பது அதன் பெயர். சவப்பெட்டியைச் சுமந்து வந்தோர் குருவானவர் வந்து சேரும்வரை அதன் நிழலில் பெட்டியை இறக்கி வைத்துக் காத்திருப்பர். சொல்லும் அந்த வாயிலிலேயே தங்கிவிட்டது. கவிஞர்கள் கருத்தில் கொள்ளத்தக்க மற்றொன்றும் உண்டு. ஆங்கில வினையடைகளின் ஈற்றில் வரும் 'லி' என்னும் விகுதி அதே 'லீக்' என்பதன் தேய்வு. 'ஃப்ரெண்ட்லி' என்றால் பழைய பொருளில் நண்பனின் உடல்வடிவு கொண்டது. விரைவாக, மெல்லமாக, இனிமையாக என்று ஆங்கிலத்தில் எதைச் சொன்னாலும் சொல்லின் வாலில் பழைய உடலொன்று தொங்கிக்கொண்டிருக்கிறது.

அக்காலத்தில் 'ஹ்ராவ்' என்று வேறொரு சொல்லும் இருந்தது. கி.பி. 937-இல் நிகழ்ந்த புருனன்பர் போரைப் பாடும் பழைய ஆங்கிலக் கவிதையில் காக்கையும் கழுகும் ஓநாயும் களத்தில் பங்கிட்டுக்கொள்வது இந்த 'ஹ்ராவ்' தான். கிடப்பவர் அனைவரும் மனிதர். அவர்களுள் மன்னர்களும் உண்டு. ஆயினும் பறவைக்கும் ஓநாய்க்கும் இரையாகும் உடல் என்னும் அச்சொல் அவர்களுக்கு இழிவாகத் தோன்றவில்லை. களத்தில் விழுந்தவனுக்கு உடையவர் எவருமில்லை; காக்கைக்கு உரியது காக்கைக்கு. இச்சொல் பின்னர் மறைந்தே போயிற்று.

நார்மானியர் வந்தபின் நிகழ்ந்த மாற்றம் பலர் அறிந்ததே. வால்டர் ஸ்காட் 1819-இல் வெளியிட்ட 'ஐவன்ஹோ' புதினத்தில் பன்றி மேய்ப்பவனுக்கும் கோமாளிக்கும் இடையே நடக்கும் உரையாடல் அதை வகுப்பறைப் பாடமாகவே ஆக்கிவிட்டது. மேயும்போது விலங்கிற்கு உழவனின் சாக்சன் பெயர். தட்டில் ஏறியதும் பிரபுவின் பிரெஞ்சுப் பெயர். 'ஆக்ஸ்' மேய்கிறது, 'பீஃப்' பரிமாறப்படுகிறது. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை இருப்பதை ஸ்காட்டை எடுத்தாள்வோர் பலரும் கடந்துவிடுகின்றனர். தொழுவத்துக்கும் தட்டுக்கும் இடையில், கொக்கியில் தொங்கும் நிலை. அதற்கான பெயரே 'கார்க்கஸ்'. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆங்கில நார்மானியரின் பேச்சிலிருந்து வந்தது. அதன் வேர் எது என்று சொற்பிறப்பு அறிஞர் எவரும் இன்றுவரை உறுதி செய்ததில்லை. தலையும் தோலும் குடலும் நீக்கிய உடல், எடை போடப்படுவது, விலை பேசப்படுவது. இன்றும் இறைச்சி வணிகத்தின் கணக்கு 'கார்க்கஸ் எடை'யில்தான் நடக்கிறது. நீக்கி எறிந்த குடல் முதலியவற்றுக்கு 'ஆஃபல்' என்று பெயர். வெட்டும் கட்டையிலிருந்து விழுந்தது என்பதே அதன் பொருள்.

தொடக்கத்தில் கார்க்கஸ் மனிதர்க்கும் ஆகிவந்தது. 1611-ஆம் ஆண்டு ஜேம்ஸ் மன்னர் ஆணையால் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், பாலைவனத்தில் மடியப்போகும் இசுரவேலரின் உடல்களும் கார்க்கஸ். சிம்சோன் கொன்றபின் தேனீக்கள் கூடு கட்டிய சிங்கத்தின் உடலும் கார்க்கஸ். கழுகுகள் கூடுமிடத்தில் கிடப்பதும் கார்க்கஸ். சீர்திருத்தச் சபையார் நெடுங்காலமாகப் பயின்றுவரும் தமிழ் விவிலியத்தில் இம்மூன்று இடங்களும் மூன்று சொற்களாகின்றன. பாலைவனத்து மக்களுக்குப் 'பிரேதம்', சிங்கத்துக்கு 'உடல்', கழுகின் இரைக்குப் 'பிணம்'. மூலமொழியை நோக்கிப் பெயர்த்தவர்கள் ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லுக்குக் கட்டுப்படவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பில் நுட்பம் குறைவு என்று எளிதாகச் சொல்வோர் இவ்விடத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். (அந்தச் சிங்கத்தின் கதை வேறு திசையிலும் சென்றது. இங்கிலாந்தில் 'லைல்ஸ் கோல்டன் சிரப்' என்னும் சர்க்கரைப்பாகின் தகரக் குவளையில் செத்த சிங்கமும் சுற்றிப் பறக்கும் தேனீக்களும் பொறிக்கப்பட்டிருக்கும். 1904-இல் வணிகக்குறியாகப் பதிவானது. காலை உணவு மேசையில் செத்த சிங்கம் கிடப்பதை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆங்கிலேயர் பொருட்படுத்தவே இல்லை. 2024-இல் மற்ற கலன்களில் உயிருள்ள சிங்கத்தின் முகம் வந்தது. பழைய தகரக் குவளையில் மட்டும் செத்த சிங்கம் நீடிக்கிறது.)

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மனிதரைக் கார்க்கஸ் என்பது வசையாக மட்டுமே எஞ்சியது. ஆனால் அந்த வசை அதற்கு முன்பே முளைவிட்டிருந்தது. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைக் கையில் எடுத்தால் போதும். ஒரே மனிதனின் கொலையைச் சுற்றி மூன்று சொற்கள் மூன்று திசையில் நிற்கின்றன. சதியாளர்களுக்குப் புரூட்டஸ் கூறும் அறிவுரையில் கார்க்கஸ் வருகிறது. சீசரைத் தெய்வத்துக்குப் படைப்பதுபோல் அறுக்க வேண்டுமேயன்றி நாய்க்கு எறிவதுபோல் வெட்டிப் போடலாகாது என்கிறான். அவன் வேண்டாம் என்று மறுப்பதற்காகவே அச்சொல்லை எடுக்கிறான்; ஆனால் எடுத்துவிட்டான். கொலை முடிந்தபின் ஆன்டனி வருகிறான். கொலைகாரர்களின் குருதி தோய்ந்த விரல்களைப் பற்றிக் குலுக்கியவன், தன் நண்பனின் 'கார்ஸ்' முன்னிலையிலா இதைச் செய்தேன் என்று வெட்குகிறான். 'கார்ஸ்' என்பது கார்ப்ஸின் மூத்த வடிவம். அவர்கள் அகன்றதும் தனித்து நின்று சபதம் உரைக்கிறான். அப்போது வரப்போகும் போரில் புதைப்பாரின்றி முனகப்போகும் மனிதரைக் 'கேரியன்' என்று அழைக்கிறான். நண்பன் கார்ஸ், நாட்டு மக்கள் கேரியன். ஆன்டனியின் உள்ளத்தை அறிய வேறு சான்று தேவையில்லை. இம்மூன்று இடங்களிலும் 'பிணம்' என்றே எழுதிவிட்டால் புரூட்டஸும் ஆன்டனியும் ஒரே குரலில் பேசிவிடுவர்.

கார்ப்ஸ் என்பதன் பிறப்பு இலத்தீனின் 'கார்ப்பஸ்'. உடல் என்பதே பொருள். நெடுங்காலம் உயிருள்ள உடலையும் அது குறித்தமையால்தான் அதே 1611-ஆம் ஆண்டு விவிலியத்தில் 'இறந்த' என்னும் அடையை முன்னிட்டுக் 'கார்ப்ஸ்' வரும் இடம் உண்டு. அன்று அது கூறியது கூறலன்று. படைப்பிரிவைக் குறிக்கும் சொல்லும், பெண்கள் இடையை இறுக்கிய 'கார்செட்'டும், ஆய்வாளர்கள் நூல் தொகுதியைக் குறிக்க வழங்கும் 'கார்ப்பஸும்' இதன் உடன்பிறப்புகளே. கேரியனோ தசையைக் குறிக்கும் 'காரோ' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. வட பிரெஞ்சில் அச்சொல்லின் ஒரு வடிவம் முதிய பெண்ணைத் திட்டும் வசையாயிற்று. அதுவே ஆங்கிலத்தில் 'க்ரோன்' என்று கிழவிக்குப் பெயராக நிலைத்தது. மூதாட்டி என்று பெயர்க்கப்படும் அச்சொல்லுக்குள் நாறும் தசை இருப்பதைப் பல மொழிபெயர்ப்பாளர் அறியார். இதனோடு 'ரெலிக்ட்' என்பதையும் சேர்த்து வைக்கலாம். விட்டுச்செல்லப்பட்டது என்பது பொருள். பழைய ஆங்கிலக் கல்லறைக் கற்களில் இன்னாருடைய ரெலிக்ட் என்று செதுக்கியிருந்தால் அது கைம்பெண்ணைக் குறிக்கும். கடலில் மாலுமிகள் கைவிட்டுப் போன கப்பலுக்கு 'டெரிலிக்ட்' என்று பெயர், வேர் ஒன்றே. உடையவன் போனபின் எஞ்சிய பெண்ணும் உடையவன் போனபின் மிதக்கும் கப்பலும் ஒரு சொல்லின் இரு கிளைகள்.

கடாவர் என்பது விழுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது, விழுந்தது, மடிந்தது. புழுக்களுக்கு அளிக்கப்பட்ட தசை என்னும் மூன்று இலத்தீன் சொற்களின் முதல் அசைகள் கூடி அமைந்ததென்று இடைக்காலத்தார் சொன்னது அழகான கற்பனை. மொழிநூல் அதை ஏற்பதில்லை. இச்சொல் மருத்துவர் கைக்குப் போனபின் நடந்தவைதான் உடைமை என்னும் கேள்வியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் மனித உடல் எவருக்கும் உடைமையன்று. 1614-இல் ஒரு வழக்கு வந்தது. ஒருவன் கல்லறைகளைத் தோண்டி, பிணங்களைச் சுற்றியிருந்த துணிகளைத் திருடினான். துணி யாருடையது? இறந்தவருடையதா? இறந்த உடல் எதையும் உடைமையாகக் கொள்ளும் தகுதியற்றது. ஆகவே துணி, அதற்கு உரியவராக முன்பிருந்தவர்க்கே சொந்தம் என்றது தீர்ப்பு. உடலுக்கு உடைமையும் இல்லை, உடல் உடைமையும் இல்லை. இதன் விளைவு விந்தையானது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உடற்கூற்றுப் பள்ளிகளுக்குப் பிணம் விற்றோர், புதைகுழியிலிருந்து உடலை எடுக்கும்போது அதைச் சுற்றியிருந்த துணியைக் கவனமாகக் குழியிலேயே போட்டுவிட்டுச் சென்றனர். துணியை எடுத்தால் திருட்டு. உடலை எடுத்தால் சிறிய குற்றம். தங்களுக்குள் அவர்கள் பிணத்தைப் 'பொருள்' என்றே குறித்துக்கொண்டனர்.

எடின்பரோவில் 1828-இல் பர்க், ஹேர் என்னும் இருவர் தோண்டும் தொல்லையையும் தவிர்த்து, பதினாறு பேரைக் கொன்று உடற்கூற்று ஆசிரியர் ராபர்ட் நாக்சின் பள்ளிக்கு விற்றனர். பர்க் 1829-இல் தூக்கிலிடப்பட்டான். அவன் உடலே பின்னர் அறுக்கப்பட்டது. எலும்புக்கூடு எடின்பரோப் பல்கலைக்கழகத்து உடற்கூற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. 1832-இல் வந்த சட்டம், கேட்பாரற்று இறக்கும் ஏழையின் உடலை மருத்துவப் பள்ளிக்கு அளிக்க வழி செய்தது. கொலையாளிக்குத் தண்டனையாக இருந்தது ஏழைக்கு விதியாயிற்று. உடல் உடைமையன்று என்னும் கோட்பாடு உயர்ந்ததே. ஆனால் உடையவர் இல்லாதது எதுவோ அது வலியவர் கைக்குப் போகும் என்பதையும் அதே கோட்பாடு காட்டிவிட்டது.

கார்க்கஸுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதற்கு எப்போதும் உடையவர் உண்டு. ஜார்ஜ் ஆர்வெல் 1945-இல் வெளியிட்ட 'விலங்குப் பண்ணை'யில் பாக்சர் என்னும் குதிரை உழைத்து ஓய்ந்து விழுகிறது. மருத்துவமனைக்கு என்று சொல்லி வண்டியில் ஏற்றுகின்றனர். மற்ற விலங்குகள் வண்டியைச் சூழ்ந்து நின்று விடை கொடுக்கின்றன. அங்கு நன்கு படிக்கத் தெரிந்த கழுதை பெஞ்சமின் மட்டும் வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கதறுகிறது. குதிரை வெட்டுபவர், கோந்து காய்ச்சுபவர், தோலும் எலும்புத்தூளும் விற்பவர் என்று அங்கே எழுதியிருக்கிறது. பின்னர், அந்த வண்டி முன்பு 'நாக்கர்' ஒருவனுடையதாக இருந்தது, மருத்துவர் விலைக்கு வாங்கியபின் பழைய எழுத்தை அழிக்கவில்லை என்று விளக்கம் தரப்படுகிறது. கிழக் குதிரைகளை வாங்கிக் கொன்று தோலும் எலும்பும் விற்பவனே நாக்கர். களைத்துப் போனேன் என்பதற்கு இன்றைய ஆங்கிலேயர் சொல்லும் 'நாக்கர்ட்' என்பதும் இதன் இனமே. அந்தக் கதையில் பாக்சர் இறக்கும் முன்பே அதன் உடல் விற்கப்பட்டுவிட்டது. படிக்கத் தெரிந்த ஒருவர் உரிய நேரத்தில் படித்தும் பயனில்லாமற் போயிற்று.

இனிக் கப்பலுக்கு வரலாம். விலங்கிலிருந்து கப்பலுக்கு வழி போட்டவரும் ஷேக்ஸ்பியரே என்றால் மிகையாகாது. 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் குட்வின் மணல்திட்டில் உயர்ந்த பல கப்பல்களின் கார்க்கஸ்கள் புதைந்து கிடப்பதாக ஒரு பாத்திரம் கூறும். 'சூறாவளி'யில் பிராஸ்பெரோவையும் கைக்குழந்தையான மகளையும் ஏற்றிக் கடலில் தள்ளிய படகு, எலிகளும் கைவிட்டுப்போன அழுகிய கார்க்கஸ். கப்பலின் விலா மரங்கள் வெளித்தெரிவதைக் கண்ட எவர்க்கும் இவ்வுவமை இயல்பாகத் தோன்றும். பின்னர் இச்சொல் உள்ளெலும்பு உள்ள எதற்கும் பரவிற்று. பலகை அடிக்காத அலமாரிச் சட்டம், உந்துவண்டி டயரின் உட்கட்டு, இரும்பு விலா கொண்ட பழைய எரிகுண்டு – எல்லாம் கார்க்கஸ். 'ஹல்க்' என்பது முதலில் ஒருவகைக் கப்பலின் பெயர். பிறகு பாய்மரம் களைந்த வெறும் உடலுக்கு ஆயிற்று. 1776 முதல் 1857 வரை அத்தகைய உடல்களில் பிரிட்டன் கைதிகளை அடைத்து வைத்தது. டிக்கன்ஸின் 'பெரும் எதிர்பார்ப்புகள்' தொடங்குவது அப்படியொரு ஹல்க்கிலிருந்து தப்பிய கைதியோடு. 1805-இல் டிரஃபால்கரில் போரிட்ட 'டெமரேர்' என்னும் கப்பலும் சிலகாலம் அவ்வாறு சிறையாயிருந்தது. 1838-இல் அதை உடைப்பவர் விலைக்கு வாங்கி இழுத்துச் சென்றதைத்தான் டர்னர் ஓவியமாக்கினார். இறைச்சிக் கடைக்குப் போகும் எருதைப் போல, அந்த ஓவியத்திலும் அதற்கு ஓர் உடையவர் இருக்கிறார். படத்தில் தெரியவில்லை, அவ்வளவே.

'ரெக்' என்னும் சொல்லைக் கப்பல் உடைதல் என்றே எல்லாரும் பொருள் கொள்வர். அதன் முதற்பொருள் அதுவன்று. அலை துரத்திக் கரையில் எறிந்த பொருளே ரெக். யாருக்கு அது சேரும் என்பதற்காகவே அச்சொல் சட்டத்தில் இடம்பெற்றது. கி.பி. 1275-இல் முதலாம் எட்வர்டு காலத்து வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் ஒரு விதி வகுத்தது. கப்பலிலிருந்து ஒரு மனிதனோ, ஒரு நாயோ, ஒரு பூனையோ உயிரோடு தப்பினால் அது ரெக் ஆகாது. ஓராண்டும் ஒரு நாளும் பொருளைக் காத்து வைக்க வேண்டும். உரியவர் வந்து மெய்ப்பித்தால் பெற்றுக்கொள்ளலாம். எவ்வுயிரும் தப்பாவிட்டால் மன்னனுக்கு. ஒரு பூனையின் உயிர், ஒரு கப்பல் பொருளுக்கு உடையவர் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்தது. இதைவிட எழிலான சட்டத்தொடர் ஐரோப்பாவில் அரிது. இதைவிட ஆபத்தானதும் அரிது. கரையில் நிற்பவனுக்கு எவரும் உயிரோடு வராமலிருப்பதே ஆதாயம் அல்லவா? பின்னாளில் சட்ட நூலார் மேலும் நுணுகினர். உடைந்த கப்பலிலிருந்து மிதப்பது 'ஃப்ளாட்சம்'. கப்பலைக் காக்கப் பாரம் குறைக்க எறிந்தது 'ஜெட்சம்'. மீட்க எண்ணி மிதவை கட்டி அமிழ்த்தியது 'லாகன்'. மீட்கும் எண்ணமின்றிக் கைவிட்டது டெரிலிக்ட். இந்நான்கும் 1995-ஆம் ஆண்டு பிரிட்டனின் வணிகக் கப்பற் சட்டத்திலும் உயிரோடு உள்ளன. கண்டெடுத்தவர் ரெக்குகளுக்கென அமைந்த அரசு அலுவலரிடம் 28 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

கரையொதுங்கும் பெரிய திமிங்கிலத்தின் உடலுக்கும் அதே அலுவலரே பொறுப்பு என்பது வியப்பூட்டும். இரண்டாம் எட்வர்டு காலம் முதல் திமிங்கிலம் மன்னனின் மீன். செத்த விலங்கும் உடைந்த கப்பலும் இன்றும் ஒரே அலுவலகத்தின் ஏட்டில் பதிவாகின்றன. ஹெர்மன் மெல்வில் 1851-இல் வெளியிட்ட 'மோபி டிக்' புதினத்தில், கொழுப்பை உரித்தெடுத்தபின் மிதக்கவிட்ட திமிங்கிலத்தின் கார்க்கஸைத் தொலைவிலிருந்து கண்ட ஏதோவொரு கப்பல் அதைப் பாறைத்திட்டென எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும். அதை நம்பிப் பல்லாண்டுகள் மற்றக் கப்பல்கள் அவ்விடத்தைச் சுற்றிச் செல்லும் என்றொரு பகுதி உண்டு. அங்கே எதுவும் இராது. எழுதி வைத்த சொல் மட்டும் இருக்கும்.

எழுதி வைத்த சொல் வேறு வேலையும் செய்யும். 1781-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், 'ஜாங்' என்னும் லிவர்பூல் வணிகரின் கப்பல், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. வழி தவறிற்று, நோய் பரவிற்று, குடிநீர் போதாது என்று சொல்லப்பட்டது. சில நாட்களில் 130-க்கு மேற்பட்ட ஆப்பிரிக்கரை உயிரோடு கடலில் எறிந்தனர். உரிமையாளர்கள் காப்பீட்டுத் தொகை கேட்டனர். தலைக்கு 30 பவுன். அக்கணக்கின் கொடுமை சொல்லில்தான் இருந்தது. கப்பலில் நோயுற்று ஓர் அடிமை இறந்தால் அது இயற்கைச் சாவு, இழப்பு உரிமையாளருடையது. கப்பலைக் காக்கும் பொருட்டு எறிந்தால் அது கடலில் எறிந்த சரக்கு, இழப்பு காப்பீட்டாருடையது. 'ஜெட்சம்' பிறந்த அதே வேரின் சொல் அந்த மனிதர்களின் மேல் வந்து அமர்ந்தது. அவர்கள் கார்ப்ஸ் ஆகவில்லை. அந்தச் சொல்லுக்கு உடையவர் இல்லை, இழப்பீடும் இல்லை.

ஜூரியார் உரிமையாளர் பக்கம் தீர்ப்பளித்தனர். காப்பீட்டார் மறுவிசாரணை கோரினர். 1783-இல் அதைக் கேட்டவர் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு. முன்னாள் அடிமையான ஒலாடா எக்வியானோ அச்செய்தியைக் கிரான்வில் ஷார்ப்பிடம் சொல்ல, ஷார்ப் ஆள் வைத்து நீதிமன்றத்தில் பேசியவற்றைக் குறிக்கச் செய்தமையால் அவ்வுரை எஞ்சியுள்ளது. நெஞ்சை அதிரச் செய்யினும், அடிமைகளின் நிலை குதிரைகளைக் கடலில் எறிந்தது போன்றதே என்பதில் ஜூரியார்க்கு ஐயம் இருக்கவில்லை என்று நீதிபதி கருத்துரைத்தார். இதே மான்ஸ்ஃபீல்டுதான் 1771-இல் ஒரு வழக்கில் பழைய நாய், பூனை விதியை நேர்ப்பொருளில் கொள்ளலாகாது, உயிர் தப்பியது உடைமைக்கு ஒரு சான்று மட்டுமே என்று தெளிவுபடுத்தியவர். 1772-இல் சாமர்செட் என்னும் அடிமையை இங்கிலாந்திலிருந்து வலிந்து கொண்டுசெல்ல இயலாதெனத் தீர்ப்பளித்தவரும் அவரே. சொற்களைக் கூராக ஆய்ந்தவர், இரக்கமற்றவர் அல்லர். ஆயினும் அவர் கையிலிருந்த சொற்பட்டியலில் அந்த 130 பேருக்கு இடம் சரக்கின் பக்கமே இருந்தது. மறுவிசாரணைக்கு ஆணை பிறந்தது. கொலைக் குற்றம் எவர்மீதும் சுமத்தப்படவில்லை.

இறந்தோரின் பெயர்கள் எதுவும் பதிவாகவில்லை. சட்ட அறிக்கையில் எஞ்சியது இரண்டு பக்க உரைநடை. டொபேகோவில் பிறந்து கனடாவில் வாழும் கவிஞர் மா. நூர்பெசே பிலிப், முன்பு வழக்குரைஞராக இருந்தவர், அந்த இரண்டு பக்கத்தைக் கையில் எடுத்தார். அதில் உள்ள சொற்களைக் கொண்டே ஒரு முழுக் கவிதை நூலை அமைப்பதென்று தமக்கே விதி வகுத்துக்கொண்டார். 2008-இல் வெளிவந்த 'ஜாங்!' அதுவே. முதற்பகுதியின் தலைப்பு 'ஆஸ்', இலத்தீனில் எலும்பு. சொற்கள் பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல், இடைவெளி விட்டு, நீரில் மிதப்பவைபோல் கிடக்கின்றன. செல்லச் செல்ல அவை உடைந்து அசைகளாகி, ஓலமாகி, வேற்று மொழிச் சொற்களாக உருமாறுகின்றன. முதற்பகுதியில் பக்கத்தின் அடியில் ஒரு கோடு. கோட்டின் கீழ், பதிவேடு தராத ஆப்பிரிக்கப் பெயர்கள். சரக்கின் மொழியை விட்டு வெளியேறி அழகிய இரங்கற்பா பாடியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. உடைமையின் சொற்களையே உடைத்தார்.

அந்நூலின் பின்னிணைப்பாக அமைந்த உரைநடையில் பிலிப் ஒரு கேள்வி எழுப்புகிறார். புதைத்த உடலை மீண்டும் வெளியே எடுப்பதற்கு ஆங்கிலத்தில் 'எக்ஸ்யூம்' என்று சொல் உண்டு. மண்ணிலிருந்து என்பது அதன் பொருள். நீரிலிருந்து, கடலடியிலிருந்து, உடலை மீட்டெடுப்பதற்குச் சொல் எது? கடலில் மிதப்பதற்கும் எறிந்ததற்கும் அமிழ்ந்ததற்கும் கைவிட்டதற்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்த மொழியில் அதற்குச் சொல் இல்லை. அவரே ஒன்றை ஆக்கிக்கொண்டார்: 'எக்ஸாக்வா'.